நித்தியகல்யாணியும் நீல ஒளியும்: பாளையங்கோட்டையில் ஒரு செல் வளர்ப்பு நிகழ்வு ஆய்வு

மானூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் இந்த ஆய்வு தொடங்கியது. பங்குனி வெயில். அண்ணாச்சி ஒருவர் நித்தியகல்யாணி இலை உருவிக்கொண்டிருந்தார். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஒரே இழுப்பு. இலை மொத்தமும் கைக்குள் வந்துவிடும், அதை இடுப்பில் கட்டிய சாக்குக்குள் போடுவார். கை முழுக்கப் பச்சையாகி, மத்தியானம் பிசைகிற சோறுகூடக் கசக்கும் என்றார். ஆடு வாய் வைக்காது, அதனால் வேலி வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் விதைத்துவிட்டால் ஆறாம் மாதம் ஒரு உருவு, ஒன்பதாம் மாதம் இன்னொரு உருவு, வருடம் முடியும்போது செடியோடு பிடுங்கி வேரைத் தனியாக விற்பது. நெல்லை, தூத்துக்குடி மானாவாரி நிலங்களில் இந்தச் செடி பயிரானது இப்படித்தான். சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் வைக்கத் தயங்குகிறவர்கள்கூட காட்டில் விதைக்கிறார்கள்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கல்லூரி ஆய்வகத்தில் இந்த இலையின் செல்களைக் குடுவையில் வளர்த்து, அதிலிருந்தே மருந்துச் சரக்கை எடுக்க முடியுமா என்று பார்க்கப்போகிறோம். அதற்குப் பத்துச் செடி வேண்டும். அண்ணாச்சி இலை உருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஏ தாயி, பாட்டில்லயே வளத்து மருந்து எடுத்துட்டியன்னா, எங்க இலைய எவன் வாங்குவான்?”

“அப்படியெல்லாம் ஆகாது அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு அது தெரியாமல் சொன்ன பதில். தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது.

செடிக்குள் இருப்பது

நித்தியகல்யாணியின் சொந்த ஊர் மடகாஸ்கர். 1950-களில் ஜமைக்காவிலிருந்து இதன் இலை கனடாவுக்குப் போனது. அங்கே சர்க்கரை நோய்க்கு இலைக் கஷாயம் குடிக்கிறார்கள், உண்மையா என்று பாருங்கள் என்றுதான் அனுப்பினார்கள். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் தம்பி வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் இன்றைக்கும் அது இல்லாமல் சிகிச்சை இல்லை. 2019-இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்து, பிள்ளைகளுக்கு மருந்து தள்ளிப்போடவேண்டிய நிலை வந்தது.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ. ஒரு லாரி இலை உள்ளே போய், உள்ளங்கையில் வைத்தால் தெரியாத அளவு மருந்து வெளியே வருகிறது.

வின்பிளாஸ்டின் இரண்டு பாதிகள் சேர்ந்த ஒரு மூலக்கூறு. ஒரு பாதி காத்தராந்தின், மறுபாதி விண்டோலின். இரண்டும் தனித்தனியாகக் கிடைத்தால் ஆய்வகத்தில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே எங்கள் இலக்கு வின்பிளாஸ்டின் இல்லை, விண்டோலின். இலைச் செல்லிலிருந்து விண்டோலின் வருமா என்பதே கேள்வி. வராது என்று எழுதியிருந்த கட்டுரைகளை நாங்களும் படித்திருந்தோம். உள்ளூர்ச் செடியில் கொஞ்சமாவது வரலாம் என்ற நம்பிக்கையில் இறங்கினோம்.

செய்தது

முறை புதிதில்லை. செடியின் செல்லைத் தனியாக வளர்க்கலாம் என்ற எண்ணத்தை ஹேபர்லாண்ட் 1902-இலேயே சொல்லிவிட்டார். முராஷிகியும் ஸ்கூக்கும் புகையிலைக்காக 1962-இல் வகுத்த உப்புக் கலவைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் எம்.எஸ். ஊடகம் (செல் வளர்வதற்கான சத்துக் கலவை) என்று ஓடுகிறது. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, பி.எச். 5.8, கிருமி சாக 121 டிகிரி நீராவியில் ஆட்டோகிளேவ். அதில் என்.ஏ.ஏ., கைனெடின் என்ற செடி ஹார்மோன்களைச் சேர்த்தோம். சில குடுவைகளில் 2,4-டி. ஆம், நெல் வயலில் களைக்கொல்லியாகத் தெளிக்கும் அதே 2,4-டி. மிகச் சிறிய அளவில் அது செடியின் செல்லைக் கொல்லாது. தான் இலை என்பதை மறந்துவிட்டுப் பெருகிக்கொண்டே இருக்கச் சொல்லும்.

இலையைக் கழுவி, ஸ்பிரிட்டில் நனைத்து, மெர்க்குரிக் குளோரைடில் சில நிமிடம் வைத்து, மூன்று நான்கு முறை தண்ணீரில் அலசி, லாமினார் ஃப்ளோ என்ற சுத்தக் காற்றுப் பெட்டிக்குள் நகத்தளவு துண்டுகளாக வெட்டி வைப்போம். மூன்றாவது வாரம் வெட்டுவாயில் வெளிர்மஞ்சளாக, ரவை உப்புமாவைக் கிள்ளி வைத்தது போல ஒரு பொருள் பொங்கி வரும். அதுதான் கேலஸ். அதில் இலையும் இல்லை, வேரும் இல்லை, வெறும் செல் கூட்டம். உதிர்கிற கேலஸை எடுத்துத் திரவ ஊடகத்தில் போட்டு, நிமிடத்துக்கு 110 சுற்று வேகத்தில் ஷேக்கர் என்ற ஆட்டும் கருவியில் வைத்தால், செல்கள் பிரிந்து நீந்தும்.

ஆடி மாதம் வந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலை குற்றாலத்தோடு விட்டுவிட்டு, பாளையங்கோட்டைக்கு வெறும் புழுதியை மட்டும் கொண்டுவரும். ஜன்னலை டேப் ஒட்டி அடைத்தோம். இருந்தும் பாதிக்கு மேல் குடுவைகளில் பூஞ்சை. செடியின் செல் ஒன்று இரண்டாக இரண்டு மூன்று நாள் ஆகும். பாக்டீரியாவுக்கு அரை மணி நேரம் போதும். ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே போனாலும் மறுநாள் குடுவை கலங்கிவிடும். செல் வளர்ப்பு ஏன் செலவு பிடித்த தொழில் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு கணக்கைத்தான் சொல்வேன்.

அப்புறம் மின்வெட்டு. ஒரு சனிக்கிழமை இரவு போன கரண்ட் ஞாயிறு மாலைதான் வந்தது. ஜெனரேட்டர் அலுவலகக் கட்டடத்துக்கு மட்டும். ஷேக்கர் நின்றதும் செல்கள் அடியில் படிந்து, காற்று கிடைக்காமல் திங்கட்கிழமை காலை தேநீர் நிறத்தில் கிடந்தன. நான்கு மாத வேலை. இன்றும் எங்கள் மாவட்டத்தில் யாராவது திசு வளர்ப்பு அறை கட்டப்போகிறோம் என்று வந்தால், லாமினார் ஃப்ளோவுக்கு முன்னால் இன்வெர்ட்டருக்குப் பணம் ஒதுக்குங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

கண்டது

எட்டாவது மாதத்தில் கையில் நிலையான கேலஸ் இருந்தது. காயவைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, அமிலம் காரம் என்று மாற்றி மாற்றிப் பிரித்து, கலவையிலுள்ள பொருள்களை வெவ்வேறு உயரத்தில் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில் புள்ளி வைத்தோம். ஒரு வரிசையில் அண்ணாச்சி காட்டு இலையின் சாறு, ஒரு வரிசையில் கேலஸ் சாறு, ஓரத்தில் விலை கொடுத்து வாங்கிய சுத்த விண்டோலின். ஆல்கலாய்டு என்ற வகைச் செடிப் பொருள்களை (விண்டோலினும் அதில் ஒன்று) நிறம் காட்டும் டிராஜன்டார்ஃப் கரைசலைத் தெளித்ததும் இலை வரிசையில் ஆரஞ்சு நிறத்தில் ஏழெட்டுப் புள்ளிகள் எழும்பின. அதில் ஒன்று விண்டோலினுக்கு நேராக. கேலஸ் வரிசையில் மூன்று புள்ளி இருந்தது. விண்டோலின் இருக்கவேண்டிய உயரம் வெறுமை. 2,4-டி போட்டு வளர்த்த கேலஸில் அந்த மூன்றும்கூட மங்கல். அது ஹார்மோனாக வேலை செய்யும்போது ஆல்கலாய்டு உற்பத்தியை அமுக்கிவிடும். ஊடகத்தை மாற்றினோம், சர்க்கரையைக் கூட்டினோம், மெத்தில் ஜாஸ்மோனேட் போட்டோம். பூச்சி கடித்தால் செடி தனக்குள் அனுப்பிக்கொள்ளும் அபாயச் சேதி அது. அதற்குப் பிறகு மூன்று புள்ளிகளும் அடர்த்தியாகின. நான்காவது வரவில்லை.

அந்த வாரம்தான், எதற்கும் பார்ப்போம் என்று குடுவைகளை யு.வி. விளக்கடியில் வைத்தேன். அறை விளக்கை அணைத்ததும் எல்லாக் குடுவையும் கருப்பு. ஒரே ஒரு குடுவையில், கேலஸ் கட்டியின் இடது ஓரத்தில் மட்டும், சுண்டு விரல் நகம் அளவுக்கு நீல ஒளி. விளக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை, இரண்டும் அதே வெளிர்மஞ்சள். அணைத்தால் மறுபடி நீலம். நான் அரை மணி நேரம் அந்த ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன்.

அது செர்பென்டைன். சர்ப்பகந்தாவிலும் இருக்கிற ஆல்கலாய்டு. சர்ப்பகந்தாவும் நித்தியகல்யாணியும் அரளிக் குடும்பத்துப் பங்காளிகள். அஜ்மலிசின் என்ற பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் செர்பென்டைன். செல்லின் நடுவே இருக்கும் நீர்ப்பையில் அது சேரும், யு.வி. பட்டால் நீலமாக ஒளிரும். நித்தியகல்யாணி வேரை வியாபாரி தனியாக எடைபோட்டு வாங்குவதே அஜ்மலிசினுக்காகத்தான். அது ரத்த ஓட்டத்துக்கான மருந்து. ஆக, இலைச் செல்லிடம் இலையின் சரக்கைக் கேட்டோம், அது வேரின் சரக்கைக் கொடுத்தது. அந்த நீல ஓரத்தை மட்டும் ஊசி முனையால் கிள்ளிப் புதுக் குடுவைக்கு மாற்றினோம். நான்கு முறை இப்படி மாற்றியதும் கட்டி முழுக்க நீலமாக ஒளிர்கிற ஒரு செல் வரிசை, அதாவது அந்த ஓரத்திலிருந்தே பெருகிய செல்களின் பரம்பரை, கிடைத்தது. ஏழாவது மாற்றலில் ஒளி மங்கத் தொடங்கியது. அதிக சரக்கு தரும் செல் வரிசைகள் போகப்போகச் சோர்ந்துபோவது இந்தத் துறை முழுக்கத் தெரிந்த நோய்.

ஏன் வரவில்லை

இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வின் பயனெல்லாம் இந்த இடத்தில்தான்.

பத்தமடைப் பாய் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோரை அறுப்பவர் ஒருவர், கிழித்துக் காயவைப்பவர் ஒருவர், தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைப்பதும் சாயம் போடுவதும் வேறு கை, தறியில் உட்காருவது இன்னொரு கை. நெசவுக்காரரை மட்டும் ஓர் அறைக்குள் கொண்டுபோய், மூன்று வேளை சோறும் கொடுத்து, பாய் எங்கே என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

நித்தியகல்யாணி இலையும் அப்படி ஒரு தெரு. முதல் கட்ட வேலை, இலை நரம்பில் உணவைக் கடத்தும் ஃபுளோயத்தை ஒட்டியுள்ள செல்களில் நடக்கிறது. அங்கே உருவான பொருள் மேல்தோல் செல்லுக்கு நகர்கிறது. டிரிப்டமின் என்ற இன்னொரு பொருளோடு சேர்ந்து ஸ்டிரிக்டோசிடின் ஆவது அங்கேதான். பாதை அங்கே கிளை பிரிகிறது: ஒரு கிளை அஜ்மலிசினுக்கு, ஒன்று காத்தராந்தினுக்கு, ஒன்று டேபர்சோனினுக்கு. டேபர்சோனின் விண்டோலின் ஆக இன்னும் ஏழு படி. அதில் கடைசி இரண்டு படி, பால் செல்களிலும் இடியோபிளாஸ்ட் என்ற தனிச் செல்களிலும் மட்டும். வெளிச்சமும் வேண்டும். கேலஸில் நரம்பும் இல்லை, மேல்தோலும் இல்லை, பால் செல்லும் இல்லை. ஆட்கள் இல்லாத தெரு. அஜ்மலிசின் வரைக்கும் தனியாள் வேலை, அது வந்தது. விண்டோலின் கூட்டு வேலை, அது வரவில்லை.

முடிந்த சரக்கையும் செடி தனித்தனியாகத்தான் வைக்கிறது. காத்தராந்தின் இலையின் மேலே மெழுகுப் பூச்சில் போய்ச் சேர்கிறது. விண்டோலின் இலைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பாதியும் சந்திப்பது அரிது என்பதால் வின்பிளாஸ்டின் அவ்வளவு குறைவு. அண்ணாச்சியின் அரை டன் இலைக்குப் பின்னால் இருக்கிற காரணம் இதுதான். இது தெரிந்தபோது எனக்கு அந்தச் செடிமேல் மரியாதை கூடிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் செல்லை இரண்டாகப் பிரியவிடாமல் கொல்லும் நஞ்சு. தன் நஞ்சால் தானே சாகாமல் இருக்க, பாதியைக் கூரையிலும் பாதியை அறைக்குள்ளும் வைத்திருக்கிறது போலும்.

மற்றவர்களுக்கு வந்தது எப்படி

செல் வளர்ப்பு வென்ற இடங்களையும் இந்தக் கண்ணால் பார்த்தால் புரிகிறது. ஜப்பானில் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் 1983-இல் ஷிகோனின் என்ற சிவப்புப் பொருளைச் செல் வளர்ப்பில் சந்தைக்குக் கொண்டுவந்தது. லித்தோஸ்பெர்மம் செடியின் வேரில் இருப்பது. புண்ணுக்கு மருந்து, உதட்டுச் சாயத்துக்கு நிறம். வேர் முற்றப் பல வருடம் ஆகும். அந்தச் செடியின் செல் தனியாகவே ஷிகோனினைச் செய்தது, வேரைவிடப் பல மடங்கு அடர்த்தியாக. சிவப்பாக இருந்ததால் எந்த வரிசை நல்ல வரிசை என்று கண்ணாலேயே பொறுக்க முடிந்தது. முதலில் பெருக ஓர் ஊடகம், பிறகு சரக்கு செய்ய வேறோர் ஊடகம் என்று பிரித்தார்கள்.

பாக்லிடாக்ஸல் என்ற புற்றுநோய் மருந்தும் அப்படியே. பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். இன்று அந்த மருந்தில் ஒரு பகுதி யூ மரச் செல்களிலிருந்து வருகிறது. ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரை கொள்கிற தொட்டிகளில் வளர்க்கிறார்கள். இந்த முறைக்கு மாறியதற்காக ஓர் அமெரிக்க மருந்து நிறுவனத்துக்கு 2004-இல் பசுமை வேதியியலுக்கான அதிபர் விருது கிடைத்தது. யூ மரத்தின் செல் ஒண்டியாகவே வேலையை முடிக்கிறது, முடித்ததை ஊடகத்துக்குள் வெளியேயும் விடுகிறது. அதனால் அந்தத் தொட்டிக்கு அர்த்தம் இருக்கிறது.

எந்தச் செடி குடுவைக்கு ஏற்றது என்று தேர்வதற்கு நான் இப்போது இரண்டே கேள்வி கேட்கிறேன். சரக்கை ஒரு செல் தனியாகச் செய்யுமா? அறுவடை செய்தால் செடி சாகுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் இறங்கலாம். நித்தியகல்யாணி இரண்டிலும் தோற்றது. நிலாவாரையும் அப்படித்தான். உலக மருந்து நூல்களில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று நம் ஊர்ப் பெயரோடு இருக்கிற இலை அது, மலமிளக்கி. இலையை உருவினால் மறுபடி துளிர்க்கிறது. அதைக் குடுவையில் வளர்க்கக் கிளம்புவது பணத்துக்குக் கேடு.

தளிர்

இரண்டாம் வருடம் கேலஸை ஒதுக்கிவிட்டு, கணு மொட்டிலிருந்து தளிர்க் கொத்தாக வளர்த்தோம். வெளிச்சத்தில் வைத்தோம். சின்னச் சின்னதாக உண்மையான இலைகள் வந்தன. நரம்பு, மேல்தோல், பால் செல் எல்லாம் தத்தம் இடத்தில். ஆறாவது வாரம் டி.எல்.சி. போட்டதும் விண்டோலின் உயரத்தில் ஆரஞ்சுப் புள்ளி வந்தது. அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. பிறகு கணக்குப் போட்டோம். சர்க்கரை, அகார், ஏ.சி., டியூப்லைட், ஆள் கூலி. குடுவைக்குள் ஒரு கைப்பிடி தளிர் வளர்க்கிற செலவில் அண்ணாச்சி காட்டில் சாக்கு சாக்காக இலை வருகிறது, அதுவும் வெயில் இலவசம். விண்டோலின் வேண்டுமானால் முழுச் செடிதான் வேண்டும். முழுச் செடிக்கு மானூர்ச் செம்மண்ணைவிட மலிவான குடுவை எங்கேயும் இல்லை.

2022 ஆகஸ்டில், நாங்கள் இந்தக் கணக்கில் இருந்தபோது, வேறொரு சேதி வந்தது. டென்மார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்த குழு, ஈஸ்ட்டுக்குள் செடியின் ஜீன்களைப் புகுத்தி, சுமார் 30 படிகளை ஒரே செல்லில் ஓடவைத்து, காத்தராந்தினும் விண்டோலினும் எடுத்து, அவற்றை இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கிவிட்டது. பத்தமடைத் தெருவின் எல்லா வேலையையும் ஒரே ஆளுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி. அளவு அப்போது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். ஆனால் ஈஸ்ட் வேகமாகப் பெருகும்.

மறுபங்குனியில் அண்ணாச்சியிடம் போய் இதை மறைக்காமல் சொன்னேன். எங்கள் பாட்டிலால் உங்கள் இலைக்கு ஆபத்து இல்லை. தோசை மாவைப் புளிக்கவைப்பது மாதிரி ஓர் உயிர் இருக்கிறது, அதனால் வரலாம், உடனே இல்லை. ஒரே பயிரை நம்பி முழுக் காட்டையும் போடாதீர்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பம் பாதிக்கு உளுந்து போட்டுருவோம் தாயி” என்றார். ஆபத்து இல்லை என்று முன்பு தைரியம் சொன்னதைவிட, இந்த முறை சொன்னது அவருக்கு உபயோகப்பட்டது.

இப்போது

அறுவடை செய்தால் செடி சாகுமா என்ற இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வருகிற செடிகள் மலையில் இருக்கின்றன. அகத்தியர் மலையில் மட்டும் வளர்கிற ஒரு கொடி. அந்த மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் அமிர்தபாலா என்பார்கள், வயிற்றுப் புண்ணுக்குக் கிழங்கைத் தின்பார்கள். கிழங்கைத் தோண்டினால் கொடி போயிற்று. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போய் ஒரு கணுவை வெட்டக்கூட வனத்துறை அனுமதி வேண்டும், வேண்டியதுதான். அதோடு, காணிக்காரர் அறிவிலிருந்து வருகிற எதற்கும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பது ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை விஷயத்தில் கேரளத்தில் நடைமுறைக்கே வந்த ஒன்று. 1995-இல் உரிமம் கொடுத்தபோது கிடைத்த தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கு என்று முடிவானது. அந்தப் பேச்சை முடிக்காமல் அமிர்தபாலாவைத் தொடமாட்டோம்.

எனவே அதன் சொந்தக்காரச் செடியான மாகாளிக்கிழங்கில் கை பழகுகிறோம். ஊறுகாய்க்கு விற்கிற கிழங்குதான். அதுவும் பெரும்பாலும் காட்டிலிருந்து தோண்டி வருவது. நாற்றங்காலில் ஒரு கொடி வாங்கித் தொட்டியில் வைத்து, அதன் தளிரிலிருந்து வேரை மட்டும் தனியாகத் திரவத்தில் வளர்க்கிறோம். செல் இல்லை, வேர். கேலஸிடம் ஏமாந்த பிறகு உறுப்பாகவே வளர்ப்பது என்று முடிவு. வெள்ளை நூல் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து குடுவை அடியில் சுருண்டு கிடக்கின்றன.

போன வாரம் ஊடகம் மாற்ற ஒரு குடுவையைத் திறந்தேன். ஸ்பிரிட் விளக்கின் வாடையையும் மீறி, ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல மாகாளி மணம் வந்தது. பக்கத்தில் எடை போட்டுக்கொண்டிருந்த மாணவி திரும்பிப் பார்த்து, “மேடம், மாகாளி வாசம் வருது” என்றாள். வேரைக் காயவைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை டி.எல்.சி. தகடு போடவேண்டும்.